வேடியப்பன் கல்லுக்கு ஒரு ரிவர்ஸ்

கிளட்சை விடு. மெதுவா விடுடி, அட மெதுவா… போச்சு, ஆஃப் பண்ணிட்டா. தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிர்ல, எந்த எடத்துல நான் இத்தனை வருசம் கண்டக்டரா நின்னு விசில் ஊதினேனோ அதே எடத்துல, டீக்கடைக்காரன் பார்க்க, பூக்காரம்மா பார்க்க, என் பொண்டாட்டி இந்திராணி காரை நடுரோட்டுல நிறுத்தி வெச்சுட்டு, "ஒண்ணுமில்லங்க, ஒண்ணுமில்ல, இந்தா கெளம்பிருச்சு"ன்னு எனக்குச் சமாதானம் சொல்றா. நான் ஏதாவது கேட்டேனா? கேட்கத்தான் முடியுமா? பக்கவாதம் வந்து சமையக்கட்டுல விழுந்து எழுந்ததுலேர்ந்து வலது கை தூக்கமாட்டேங்குது, வலது கால் இழுக்குது, அதெல்லாம்கூடப் போகட்டும், வாயைத் திறந்தா ஒரே ஒரு வார்த்தைதான் வருது. அதான். பசிக்குதாங்க? அதான். தூக்கம் வருதா? அதான். உங்க பேரு என்னன்னு டாக்டர் கேட்டாரு. மாதையன்னு உள்ளே கணீர்னு கேட்குது, வெளியே வந்தது அதான். உள்ளே எல்லாம் அப்படியே இருக்குய்யா, ஒரு எழுத்து தொலையல, இப்பக்கூடப் பாரு எப்படிக் கொட்டுதுன்னு, வாசல்ல வர்றப்பதான் எவனோ கதவை அடைச்சுடறான். பின்னாடி லோடு ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான். அடிடா, நல்லா அடி, இவ கெளப்பறப்பதான் கெளம்பும்.

ஊரைத் தாண்டிட்டோம். பரவால்ல, மூணாவது கியர் ஒழுங்காத்தான் போடறா. ஆஸ்பத்திரிக்குப் போக வர ஆட்டோக்காரங்களைக் கெஞ்சி மாளலன்னு, பேரன் பேத்தி எடுக்கற வயசுல டிரைவிங் ஸ்கூல் போனவ. சத்துணவுக் கூடத்துல அத்தனை புள்ளைங்களுக்குச் சோறு வடிச்சு மேய்ச்சவளுக்கு இந்தச் சின்ன கார் என்ன பெரிசு. ரிவர்ஸ் மட்டும் கடைசி வரைக்கும் வரல. "முன்னாடி போறதுக்குத்தானே மாஸ்டர் வண்டி வாங்கறோம், பின்னாடி எதுக்கு"ன்னு கேட்டிருக்கா, அந்தாளு சிரிச்சுட்டு விட்டுட்டான். நம்ம வீட்டு வாசல்ல நிறுத்தறதுக்கே எதிர்வீட்டு நாகம்மா பையன்தான் வந்து திருப்பித் தரணும். அந்த நாகம்மா ஒரு நாள் வந்து உட்கார்ந்து, ஒகேனக்கல்ல எண்ணெய் தேய்ச்சு உருவி விடறவங்க இருக்காங்க, எங்க மாமாவுக்குக் கை அப்படியே தூக்க ஆரம்பிச்சுருச்சுன்னு ஓதிட்டுப் போனா. அவ்வளவுதான். "போறோம்"னுட்டா இவ. பெரிய ரோட்டுல போய்ச் சுத்தி வந்தா அலுங்காமப் போய்ச் சேரலாம். இல்ல, இந்தக் காட்டு வழியாத்தான் போகணுமாம். "உங்க ரூட்டு, உங்க ரூட்டுன்னு கல்யாணமான நாள்லேர்ந்து கதை கேட்டாச்சு. உங்களுக்கு லீவு இருந்தா எனக்குப் பள்ளிக்கூடம், எனக்கு லீவு இருந்தா உங்களுக்கு டூட்டி. இன்னைக்கு நான் பார்க்கப் போறேன்." பார்க்கட்டும். மலைப் பாதையில வாந்தி வந்தா மோந்து பார்க்கன்னு ஒரு எலுமிச்சம்பழத்தை என் கையில திணிச்சிருக்கா. யாருக்கு? எனக்கு! இந்த ரோட்டுல நின்னுகிட்டே டிக்கெட் கிழிச்சவனுக்கு எலுமிச்சம்பழம். சிரிப்பு வருது. சிரிச்சா வாய் ஒரு பக்கமாப் போகுதுன்னு சிரிக்கல.

கேழ்வரகுக் காடு. ரெண்டு பக்கமும் கேழ்வரகு, நடுவுல அவரைக்கொடி, அதுக்கு அந்தாண்ட மொட்டைப் பாறை. பாறை மேல ஒரு கோட்டைச் சுவர் பாதி நிக்குது, யார் கட்டினதுன்னு ஆளுக்கு ஒரு ராஜா பேரு சொல்லுவாங்க. அதுக்குக் கீழே பலகைக் கல்லு நாலு நட்டு மேல ஒண்ணு மூடினது, அங்கங்கே சின்னச் சின்ன வீடு. பாண்டவர் வீடும்பாங்க எங்காளுங்க. ஒரு தடவை காலேஜ்ல படிக்கிற புள்ளைங்க ஒரு பஸ் நிறைய வந்து எறங்கி, அய்யா இது வீடில்ல, சமாதி, ஆயிரக்கணக்கான வருசம்னு சொல்லுச்சுங்க. எனக்கு அப்ப சிரிப்புதான். செத்தவனுக்கு இவ்வளவு கெட்டியான வீடா, எங்க வீட்டுக் கூரை ஒழுகுதேன்னு சொன்னேன், பஸ்ஸே சிரிச்சுது. நான் ஒண்ணு சொன்னா பஸ் சிரிக்கும். ஏறுறவன் மூஞ்சியைப் பார்த்தே எந்த ஸ்டாப்புன்னு சொல்லுவேன், சண்டை போடறவனை ஒரு வார்த்தையில உட்கார வெப்பேன். இப்ப அந்தக் கல்லு வீட்டைப் பார்த்தா சிரிப்பு வரல. உள்ளே கிடந்தவனும் இப்படித்தான் கிடந்திருப்பானோ, எல்லாம் தெரிஞ்சுகிட்டு, வெளியே ஆளுங்க பேசறதைக் கேட்டுகிட்டு. சீச்சீ. என்ன நினைப்பு இது. "எவ்வளவு அழகா இருக்குங்க"ங்கறா இந்திராணி, ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காம. ரோட்டைத் தவிர எதையும் பார்க்கல அவ, எது அழகா இருக்குன்னு தெரியல. "இது எந்த ஊருங்க? பெரியகல்லா? பெரியகல்லாத்தான் இருக்கும்." இந்தா, இதுதான். இதைத்தான் சொல்ல வந்தேன். முன்னெல்லாம், ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த புதுசுல, ஒண்ணு கேட்டா நிறுத்துவா. என் வாயையே பார்த்துகிட்டு இருப்பா, அடுப்புல பால் பொங்கினாலும் திரும்பமாட்டா. நான் முக்கி முனகி அதான்னு சொன்னதுக்கப்புறம்தான், சரிங்கன்னு போவா. அப்புறம் அந்த நேரம் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைஞ்சுது. இப்பக் கேள்வியும் அவளே, பதிலும் அவளே. கோவம் இல்ல, வெறுப்பும் இல்ல, ஒரு மனுசி எத்தனை நாள்தான் காத்திருப்பா. பேச்சுப் பயிற்சி கொடுக்கற டாக்டரம்மாவும் ஒளிச்சுச் சொல்லல. மொத மொதல்லதான் சார் வேகமாத் திரும்பும், போகப் போக மெல்லத்தான், ஆனா விட்டுடக் கூடாது, தேடிகிட்டே இருக்கணும். தங்கமான பொண்ணு. ஆடு படத்தைக் காட்டும், குடம் படத்தைக் காட்டும். எனக்குத் தெரியாதாம்மா அது குடம்னு? எனக்குப் பயம் குடம் வராதுன்னு இல்ல. இவ கேட்கறதை நிறுத்திடுவாளோன்னுதான். அது நின்னுபோச்சுன்னா நான் அந்தக் கல்லு வீட்டுக்குள்ளதான்.

மூங்கில் ஆரம்பிச்சுருச்சு. காத்து மாறுது பாரு, ஈரமா, யானை லத்தி வாசம் லேசா. ரோட்டோரம் கிடக்குது, நேத்து ராத்திரிப் போட்டிருக்கும். இன்னும் கொஞ்சம் போனா புளியமரம், அதுக்கு அடுத்தாப்ல வேடியப்பன் கல்லு. அங்கே நிறுத்தணும். இவளுக்குத் தெரியாதே! இந்த ரூட்டுல எந்த வண்டியும் வேடியப்பனுக்குச் சொல்லாமக் கீழே எறங்காது. ஆள் உசரக் கல்லு, அதுல ஒருத்தன் வில்லை வளைச்சுகிட்டு நிப்பான், காலடியில ஒரு நாய். ஊர் மாட்டை ஓட்டிகிட்டுப் போனவங்களை மறிச்சு நின்னு செத்தவனாம். தலைக்கு மேல நாலு வரி எழுத்து இருந்துருக்கு, மழையில கரைஞ்சு, எண்ணெய் பூசிப் பூசி மெழுகி, இப்ப யாராலயும் படிக்க முடியாது. எங்க டிரைவர் சென்னப்பன் அண்ணன் அங்கே மூணு ஹாரன் கொடுப்பாரு, நான் குதிச்சு எறங்கிக் கற்பூரம் ஏத்திட்டு ஓடி வந்து படியைத் தொத்துவேன். நாங்க டைமுக்குப் போகாம இருந்திருக்கோம், டயர் பஞ்சராகி ராத்திரியெல்லாம் காட்டுல கிடந்திருக்கோம், வேடியப்பனுக்கு நிறுத்தாம எறங்கினதில்ல. புளியமரம் வந்துருச்சு. இந்திராணி, ஹாரன் அடி. ஹாரன். ஹா. நாக்கை மடி மாதையா, மூச்சை விடு, ஹா… "அதான்." "என்னங்க?" "அதான்! அதான்!" இடது கையில ஸ்டியரிங்கைக் காட்டறேன், எலுமிச்சம்பழம் உருண்டு காலடியில விழுது. "பழமா? எடுத்துத் தரேன் இருங்க." பழம் இல்லடி! அதோ, அதோ, மஞ்சத்துணி கட்டின கல்லு, வேடியப்பன், வில்லு, நாயி… போயிருச்சு. ஜன்னல்ல வந்தான், போயிட்டான். விசிலாவது ஊதலாம்னு உதட்டைக் குவிச்சேன், ஓரத்துல காத்துதான் போகுது. "அதான் அதான் அதான்!"னு நான் கத்தறதைப் பார்த்துட்டு, "ஒண்ணுக்கு வருதா? வீட்டுலயே போயிட்டு வாங்கன்னு சொன்னேன்ல. இருங்க, ஓரம் கட்டறேன்"னு சரிவுல கொஞ்ச தூரம் எறங்கி, எந்த எடத்துல நிறுத்தக் கூடாதோ அந்த எடத்துல நிறுத்திட்டா.

எறங்கமாட்டேன்னுட்டேன். தலையை ஆட்டினேன். "ஒண்ணுக்கு இல்லையா? பின்னே என்ன? வாந்தியா? தண்ணியா? வலிக்குதா?" ஒவ்வொண்ணுக்கும் தலையை ஆட்டறேன், பின்னாடி கையைக் காட்டறேன், அவளும் திரும்பிப் பார்க்கறா, அங்கே ரோடும் மரமும்தான் இருக்கு. அப்புறம் நெத்தியை ஸ்டியரிங் மேல வெச்சுகிட்டா. "எனக்குப் புரியலங்க. நான் என்ன பண்ணட்டும், எனக்குப் புரியல." அழுவாளோன்னு பார்த்தேன். அழல. மூக்கை உறிஞ்சிகிட்டு, "சரி விடுங்க, போலாம்"னா. விடுங்கன்னுட்டா. இதுக்கு அழுதிருக்கலாம். சாவியைத் திருப்பறா. வேணாம் புள்ள, சொல்லாம எறங்காதே, கேளு. இது மூடநம்பிக்கைன்னு யூனியன் ஆபீஸ்ல நானே பேசியிருக்கேன், ஆனா இந்த எறக்கத்துல எவனும் அப்படிப் பேசமாட்டான். இடது பக்கம், என் பக்கம், கதவுக்கு ஒரு முழம் தள்ளி மண்ணு, அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. மரத்தோட உச்சிதான் தெரியுது. ரொம்பக் கீழே ஆறு, வெயில்ல ஒரு கீத்து. இதெல்லாம் பஸ்ஸு மேலேர்ந்து பார்த்தப்ப அழகா இருந்துச்சே. சொல்லாம எறங்கிட்டோம். இல்ல, அவன் அப்படிப்பட்ட ஆளு இல்ல, மாட்டுக்காக நின்னவன், மனுசனை விடுவானா. ஆனாலும் சொல்லல. நான் சொல்லல. வாயிருந்தும் சொல்லல. கீழே வளைவுல ஒரு சத்தம். உர்ர்ர்னு, மொத கியர்ல, இழுத்து இழுத்து. லோடு லாரி.

கல்லு ஏத்தின லாரி. பாறையை அறுத்துக் கட்டங்கட்டமா அடுக்கிகிட்டு ஏறி வர்றான், வளைவு திரும்பினதும் எங்க மூஞ்சிக்கு நேரா நிக்கறான். ஏத்தத்துல வர்றவனுக்குத்தான் வழி, அதுலயும் லோடு. அவனால பின்னாடி போகவே முடியாது, போனா வண்டி அவன் சொன்ன பேச்சு கேட்காது. டிரைவர் தலையை நீட்டி, "அக்கா! பின்னாடி எடுங்கக்கா! மேல கல்லுகிட்ட அகலமா இருக்கு, கொஞ்ச தூரந்தான்! எனக்குக் கிளீனர் இல்ல, பிரேக்குல நின்னுகிட்டிருக்கேன்!" இந்திராணிக்கு முகம் வெளுத்துருச்சு. "ரிவர்ஸாங்க? இங்கயா? நானா?" கியரைப் போடறா, வண்டி முன்னாடி ஒரு உதை உதைச்சு ஆஃப் ஆகுது. மறுபடி. கிளட்ச் தீயுற வாசம். கண்ணாடியில பார்க்கறா, பள்ளம் தெரியுது போல, கண்ணை மூடிக்கறா. அட கண்ணைத் திற! நான் கதவைத் திறந்தேன். "எறங்காதீங்க! அய்யோ அங்கே பள்ளம்!" தெரியும்டி. இந்த எடத்துல இருட்டுலயும் மழையிலயும் எறங்கியிருக்கேன். கைத்தடியை ஊனி, காரைப் பிடிச்சுகிட்டே, இழுத்து இழுத்துப் பின்னாடி போயி, மலைப் பக்கமா நின்னு டிக்கியில தடியால ரெண்டு தட்டு தட்டினேன். எங்க தொழில்ல ரெண்டு தட்டுன்னா வா, ஒரு தட்டுன்னா நில்லு. அவளுக்கு அது தெரியுமோ தெரியாதோ, வந்தா. நல்லா வந்தா. வண்டி நேரா வருது, நானும் பின்னாலயே நகர்றேன், ஒரு காலு நடக்குது, ஒரு காலு கூட வருது. அப்பத்தான் லாரிக்காரன் எஞ்சினை உறுமவிட்டான், அவன் வண்டி வழுக்காம இருக்கணுமே, அவனைச் சொல்லக் கூடாது. அந்தச் சத்தத்துல என் தட்டு கேட்கல. கார் பின்பக்கம் சாயுது. இடது பக்கம். பள்ளத்துப் பக்கம். தட்டறேன், தட்டறேன், கேட்கல. பின் சக்கரம் மண்ணுல ஏறிருச்சு, கல்லு ஒண்ணு உதிர்ந்து கீழே போகுது, போயிகிட்டே இருக்கு, எங்கயும் விழுந்த சத்தம் வரல. இந்திராணி. உள்ளே இந்திராணி. நான் எதையும் தேடல. சத்தியமாத் தேடல. ஆடு குடம் எதுவும் நினைக்கல. அந்த எடத்துல நின்னா என்ன செய்யணுமோ அதை ஒடம்பு செஞ்சுது, அவ்வளவுதான்.

"ஓல்டான்!"

யாரோ கத்தினாங்க. காட்டுல அது போய் மோதித் திரும்பி வந்துச்சு. கார் நின்னுருச்சு. ஜன்னல்ல இந்திராணி தலை வெளிய வந்து என்னைப் பார்க்குது. யாருடா கத்தினதுன்னு நானும் பார்க்கறேன். தொண்டை எரியுது. என்னுதுதான். நிக்க நேரமில்ல, லாரிக்காரன் பிரேக்குல நிக்கறான். "முன்ன! முன்ன எடு! நேர் பண்ணு!" முன்ன எடுத்தா. "ரைட்ல ஒடி! ரைட்ல, ரைட்ல… ஆங்! வா! வா வா வா வா! நேர் பண்ணு! வா வா!" வருதுய்யா. ஒண்ணு பின்னால ஒண்ணா வருது, நான் கூப்பிடல, அதுவே வருது, பழைய பாசஞ்சருங்க மாதிரி வரிசையா ஏறுது. வாய் கோணுது, எச்சி வழியுது, வழியட்டும். புளியமரத்து நிழல் காரு மேல விழுந்துச்சு. "வா வா… கொஞ்சம் வா… ஓல்டான்!" ஹேண்ட் பிரேக்கை இழுக்கற சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பார்த்தா எனக்கு ஒரு கை தூரத்துல, மஞ்சத்துணி கட்டிகிட்டு, எழுத்தெல்லாம் அழிஞ்சு, வில்லை வளைச்சுகிட்டு அவன். நாங்க நிறுத்தாமப் போயிட்டோம், கூப்பிட்டு நிறுத்திட்டான் படவா. லாரி பக்கத்துல உறுமிகிட்டே ஏறி வந்துச்சு. மூணு ஹாரன் அடிச்சான் டிரைவரு, கல்லைப் பார்த்து நெஞ்சைத் தொட்டுகிட்டான், அப்புறம் என்னைப் பார்த்தான். "கண்டக்டரா இருந்தீங்களாண்ணே? அந்த ஓல்டான்லயே தெரிஞ்சுது!" போயிட்டான். தூசி அடங்கற வரைக்கும் நான் தடியைப் பிடிச்சுகிட்டு நின்னேன்.

இந்திராணி எறங்கி வந்தா. ஓடி வருவா, கட்டிக்குவான்னு நினைச்சேன். வரல. ரெண்டடி தள்ளி நின்னுகிட்டு, முந்தானையை வாயில வெச்சுகிட்டு, என் வாயையே பார்க்கறா. "பேசினீங்க." நான் நிமிர்ந்தேன். இப்பச் சொல்லணும். இந்திராணின்னு சொல்லணும், பயப்படாதேன்னு சொல்லணும், இதான் வேடியப்பன், இதுக்குத்தான் நிறுத்தச் சொன்னேன், எல்லாத்தையும் சொல்லணும். தேடினேன். "அ… அதான்." சே! கதவு மறுபடி மூடிருச்சு. தடியால மண்ணைக் குத்தினேன். வந்துச்சே, இப்ப வந்துச்சே, எங்க போச்சு? அவ அசையல. சரி விடுங்கன்னு சொல்லல. கல்லைப் பார்த்தா, மஞ்சத்துணியைப் பார்த்தா, நான் அப்பப் பின்னாடி காட்டின கையை நினைச்சுப் பார்த்திருப்பா போல. காருக்குப் போயி, காலடியில உருண்டு கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துட்டு வந்து அவன் காலடியில, நாய்க்குப் பக்கத்துல வெச்சா. கும்பிட்டா. "இதைத்தான் சொன்னீங்களா?" ஆமான்னு தலையை ஆட்டினேன். "மக்கு, மக்கு"ன்னு தன் தலையிலயே ரெண்டு போட்டுகிட்டா, அப்புறம் என்னைக் கொண்டுபோய் சீட்டுல உட்கார வெச்சு, அந்தப் பக்கம் சுத்தி வந்து உட்கார்ந்தா. சாவியில கை வெச்சா. திருப்பல. மூங்கில் ஒண்ணோட ஒண்ணு உரசற சத்தம். என்ன யோசிக்கறா? கையெல்லாம் கல்லடியில ஒட்டின கற்பூரக் கரி, நெத்திப்பொட்டு கலைஞ்சு கெடக்கு. இந்த ரூட்டுல எத்தனை பொம்பளைங்களை ஏத்தி எறக்கியிருக்கேன், இவ ஒருத்தி ஏறினதில்ல. சட்டுனு என் பக்கம் திரும்பினா. வெறும் கையை நீட்டினா.

"கண்டக்டர் சார், டிக்கெட்."

நீட்டின கை நீட்டினபடி இருக்கு. அவளே பதில் சொல்லல. காத்திருக்கா. காட்டு ஈச்சம் புதர்ல ஒரு குருவி கத்திட்டு ஓயுது, மறுபடி கத்துது, இவ கண்ணை எடுக்காம என் வாயைப் பார்த்துகிட்டு, பால் பொங்கினாலும் திரும்பாதவளா உட்கார்ந்திருக்கா. தேடாதே மாதையா. தேடினா ஓடிரும். பஸ்ஸுக்குள்ள நில்லு. கூட்டம். பை தோள்ல தொங்குது. என் இடது கை தானாப் போயி அக்குள்ல இல்லாத பையைத் தொட்டுது, வலது கையில ரெண்டு விரல் லேசா மடங்குச்சு, டிக்கெட் கிழிக்கறதுக்கு. யாரோ ஒரு அம்மா கை நீட்டிகிட்டிருக்கா.

"எங்கம்மா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துகிட்டு வந்துச்சு. "அம்மாவா? கட்டின பொண்டாட்டி அம்மாவா உங்களுக்கு?"ன்னு சிரிக்கறா, சிரிச்சுகிட்டே கண்ணுல தண்ணியாக் கொட்டுது, துடைக்கத் துடைக்கக் கொட்டுது. நானும் சிரிச்சேன். வாய் ஒரு பக்கமாத்தான் போச்சு, போகட்டும்னு விட்டேன். "எங்கம்மா… போகணும்?" திருப்பிக் கேட்டேன். முழுசா வந்துச்சு. அவ முந்தானையில முகத்தைத் துடைச்சுகிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, பஸ்ல ஏறின பொம்பளை மாதிரி முறைப்பா, "ஒகேனக்கல். ரெண்டு பேரு"ன்னா.

நான் இடது கையால கதவை ரெண்டு தட்டு தட்டினேன். "ரைட். போலாம்."

அவ வேடியப்பனைப் பார்த்து மூணு ஹாரன் அடிச்சா. கிளட்சை மெதுவாத்தான் விட்டா. வண்டி ஆஃப் ஆகல.